என் சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு மறுங்கள்

சுகாதார அமைச்சின் பொறுப்பதிகாரிகளுக்கும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கான நடைமுறைகளை எழுதும் வைத்திய நிபுணர்களுக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் திருகோணமலையில் ஒரு மொத்த மீன் வியாபாரியிடம் கணக்கெழுதுகிறேன். எத்தனை கிலோ சூரை இறங்கியது, எத்தனை கிலோ பாரை போனது, ஐஸ் எத்தனை பெட்டி, யார் யாருக்குக் கடன் என்பதெல்லாம் என் பேரேட்டில் இருக்கும். அதில் எழுதிய ஒரு வரியை அடிப்பதென்றால் பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும் என்பது என் முதலாளியின் சட்டம். இருபது ஆண்டுகளாக அப்படியே செய்து பழகிவிட்டேன். சென்ற ஆண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், என் பெயர் எழுதிய கோப்பின் முதல் பக்கத்தில், கையொப்பமும் காரணமும் இல்லாமல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கணக்கெழுதுபவளின் எரிச்சல்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து மூன்று ஆண்டுகளாகின்றன. அவருக்கு என்னுடைய ஒன்றைக் கொடுக்க விரும்புகிறேன். அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

எப்படி வந்தது என்று இதை வாசிப்பவர்களில் பாதிப் பேர் இப்போதே மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சிறுநீரகத்துக்கு அந்தத் தகவல் தேவையில்லை.

2016 இல் நான் கருவுற்றிருந்தபோது கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் எங்கள் இருவருக்கும் தெரிய வந்தது. அன்றிலிருந்து குளிசைகள் தவறியதில்லை. இரவு ஒன்பது மணிக்கு என் தொலைபேசியில் ஒரு மணி அடிக்கும். அது என்ன மணி என்று கேட்ட அயலவருக்கு நாடகம் தொடங்கும் நேரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகள் தொற்று எதுவும் இல்லாமல் பிறந்தாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இல்லாதொழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்றளித்தது. செய்தி வந்த அன்று நான் பத்திரிகையை வெட்டி அரிசி வாளிக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அந்தச் சான்றிதழில் என் மகளும் ஓர் இலக்கம். அதைச் சாதித்தவர்கள் உங்கள் திணைக்களத்து ஆட்கள்தான். 2004 முதல் இந்த மருந்துகளை நாட்டில் இலவசமாகக் கொடுப்பவர்களும் நீங்கள்தான். ஆகையால் இந்த மடலைப் பகையோடு எழுதவில்லை. எங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்தவர்கள் ஒரு வாசலில் வந்து ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

என் கணவர் படகு எஞ்சின் திருத்துபவர். அவரது சிறுநீரகத்தைக் கெடுத்தது எச்.ஐ.வி. அல்ல, பல வருடங்கள் கவனிக்காமல் விட்ட பிரஷர் என்று வைத்தியர் சொன்னார். எச்.ஐ.வி. நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்கும் ஒரு வகை நோய் உண்டு; அது பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஒரு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருவது. எங்கள் பக்கத்தில் பிரஷரும் சீனி வருத்தமுமே போதுமான அளவு வேலை செய்துவிடுகின்றன.

செவ்வாயும் வெள்ளியும் அவர் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இயந்திரத்தில் இருப்பார். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். அவருடைய இடது முன்கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே பூனை உறுமுவது போல அதிரும். காது வைத்தால் இரைச்சல் கேட்கும். மகள் தினமும் பள்ளிக்குப் போகுமுன் அதில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுகிறது அப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். எஞ்சின்காரரின் பிள்ளை அல்லவா.

ஊசியை விடக் கொடுமை தாகம்தான். ஒரு நாளைக்கு அவர் குடிக்கக்கூடிய தண்ணீர், தேநீரும் குழம்பும் உட்பட, ஒரு சிறிய போத்தல். போத்தலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: காலை இதுவரை, மத்தியானம் இதுவரை. கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடி மாதத்தில், மதியம் மூன்று மணிக்கே இரவுக்கான கோட்டுக்குக் கீழே தண்ணீர் போய்விடும். அப்போது ஒரு சின்ன ஐஸ் துண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசாமல் இருப்பார். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். கடலுக்கும் தென்னைக்கும் நடுவில் இருக்கும் ஊரில் ஒரு மனிதனைத் தண்ணீர் கேட்க வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்டது என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

அவருடைய அண்ணாவுக்குச் சீனி வருத்தம், அவர் கொடுக்க முடியாது. தம்பியின் இரத்தப் பிரிவு பொருந்தவில்லை. தங்கை விஷயம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பதில்லை. அவளிடம் நாங்கள் கேட்கவும் இல்லை. மிஞ்சியது நான். அவர் பி பிரிவு, நான் ஓ பிரிவு. ஓ பிரிவுக்காரர் பி பிரிவுக்காரருக்குக் கொடுக்கலாம். இந்த நாட்டில் செய்யப்படும் சிறுநீரக மாற்றுகளில் பெரும்பங்கு உயிரோடிருக்கும் உறவினர் கொடுப்பதுதான். ஒரு மனைவி கொடுக்க முன்வருவது யாருக்கும் புதினமில்லை.

அப்படித்தான் சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு பஸ் ஏறினோம். கந்தளாய் தாண்டியதும் வீதியில் யானை நிற்கிறதென்று அரை மணி நேரம் விளக்கணைத்து நின்றோம். விடிந்து போய்ச் சேர்ந்தது எந்த நகரம், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் பதில் சொல்ல வேண்டி வரும். அவர்கள் இருவரும் எங்களை மரியாதையாகவே நடத்தினார்கள். கொடுத்த படிவத்தில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன, தமிழ் இருக்கவில்லை. அந்தத் தாதிதான் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வரியையும் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி நிரப்ப உதவினார். எச்.ஐ.வி. என்ற கட்டத்துக்கு வந்தபோது நான் மறைக்கவில்லை. அவர் குரலைத் தணித்து, "அக்கா, நிச்சயமாகவா?" என்று கேட்டார். பிறகு கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வைத்தியர் இளைஞர். முதல் பக்கத்தைப் பார்த்தார். மேசையிலிருந்த மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்து, அதன் ஓரத்தை அடிமட்டமாக வைத்து, என் பெயருக்கு மேல் நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டார். எவ்வளவு நேர்த்தியான கோடு! பிறகு நிமிர்ந்து, "எங்களிடம் இதற்கு எழுதப்பட்ட நடைமுறை இல்லை அம்மா" என்றார். என் சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று யாரும் பார்க்கவில்லை. சிறுநீர்கூட வாங்கவில்லை. ஏழு நிமிடங்கள். திரும்பி வர ஏழு மணி நேரம்.

மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி பெறும் மருமகள் ஒருத்தி எனக்கு இருக்கிறாள். அவளைப் பிடித்துக்கொண்டேன். உலகத்தில் வேறு எங்காவது இதைச் செய்கிறார்களா என்று தேடச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வாள். நான் பழைய கணக்குப் புத்தகமொன்றில் இலக்கங்களை எழுதிக்கொள்வேன். நீங்கள் நிபுணர்கள், இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். ஆனால் இந்த மடலைத் திறந்த மடலாக எழுதுவதால், தெரியாதவர்களுக்காகவும் சொல்லி வைக்கிறேன்.

தென்னாபிரிக்காவின் கேப் டவுண் நகரில் குறூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் எல்மி முல்லர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 2008 இல் இதைத் தொடங்கினார். அங்கு அப்போது அரச ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் இடங்கள் மிகக் குறைவு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அந்த இடம் கிடைப்பதே அரிது. அதே நேரத்தில், மூளைச் சாவடைந்தவருக்கு எச்.ஐ.வி. இருந்தால் அவரது நல்ல சிறுநீரகங்கள் யாருக்கும் பயன்படாமல் புதைக்கப்பட்டன. ஒரு பக்கம் சிறுநீரகம் இல்லாமல் சாகிறவர், மறுபக்கம் வீணாகும் சிறுநீரகம், இரண்டு பக்கமும் ஒரே கிருமி. அவர் இரண்டையும் ஒரே வரியில் எழுதினார். 27 பேரின் முடிவுகள் 2015 இல் வெளியாகின. ஐந்து ஆண்டுகளின் பின் உயிரோடிருந்தவர்கள் 74 சதவீதம். பொருத்திய சிறுநீரகம் அந்தக் காலத்தில் தாக்குப்பிடித்த வீதம் 84. மிக வறிய நோயாளிகள், ஆரம்ப முயற்சி, அப்படியும் இந்த இலக்கங்கள்.

அமெரிக்காவில் 1988 இலிருந்து ஒரு தடைச் சட்டம் இருந்தது: எச்.ஐ.வி. உள்ளவரின் உறுப்பை எடுக்கவே கூடாது. அந்தக் காலத்தில் அது நியாயம். கிருமியை அடக்கி வைக்கும் மருந்து இல்லாத காலம். 2013 நவம்பரில் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் அதை ஆராய்ச்சிக்காக மட்டும் தளர்த்தியது. 2016 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதல் மாற்று நடந்தது, கொடுத்தவர் இறந்தவர். 2019 மார்ச்சில் அதே இடத்தில் நீனா மார்ட்டினஸ் என்ற 35 வயதுப் பெண், எச்.ஐ.வி.யோடு வாழ்ந்துகொண்டே, உயிரோடிருந்துகொண்டே, தன் சிறுநீரகமொன்றை எச்.ஐ.வி. உள்ள இன்னொருவருக்குக் கொடுத்தார். ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோது ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்று வந்தவர் அவர். அந்தப் பெயரை என் கணக்குப் புத்தகத்தின் அட்டைக்கு உள்ளே எழுதி வைத்திருக்கிறேன்.

2024 ஒக்டோபரில் வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது, அது ஒழுங்கான ஐந்தொகை போல இருந்ததால். 26 நிலையங்கள், எச்.ஐ.வி. உள்ள 198 நோயாளிகள். 99 பேருக்கு எச்.ஐ.வி. இருந்து இறந்தவர்களின் சிறுநீரகம், 99 பேருக்கு எச்.ஐ.வி. இல்லாமல் இறந்தவர்களின் சிறுநீரகம். ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 94 சதவீதமும் 95 சதவீதமும். மூன்றாண்டு முடிவில் 85 உம் 87 உம். அடுத்த மாதமே அந்நாட்டு அரசாங்கம், சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் இனி இதை ஆராய்ச்சி என்ற வேலிக்குள் வைத்திருக்க வேண்டியதில்லை என்று விதியை மாற்றியது.

இனி மறுபக்கத்தையும் எழுதுகிறேன். வரவை மட்டும் காட்டிச் செலவை மறைக்கிற கணக்குப்பிள்ளை நான் இல்லை.

அந்த 198 பேர் பெற்றவை இறந்தவர்களின் சிறுநீரகங்கள். உயிரோடிருக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் கொடுத்த உதாரணங்கள் உலகத்திலேயே சில. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பிற்காலத்தில் சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு மற்றவரை விடச் சற்று அதிகம். ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றோடு வாழ்பவருக்கு அது சின்ன விடயமல்ல. நான் குடிக்கும் குளிசையிலுள்ள டெனோபோவிர் சிலருக்குச் சிறுநீரகக் குழாய்களைப் பாதிக்கும். நான் கொடுப்பதென்றால் அதை முதலில் மாற்ற வேண்டும். அதே குளிசையிலுள்ள டொலுடெக்ராவிர் இன்னொரு வேடிக்கை செய்கிறது: சிறுநீரகத்தைக் கெடுக்காமலே, இரத்தத்தில் அளக்கும் கிரியற்றினின் என்ற கழிவின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டும். ஆகவே கிரியற்றினினை மட்டும் பார்த்து என்னை நிராகரித்தால் அதுவும் பிழையான கணக்கு. வடிகட்டும் திறனை நேரடியாக அளக்க வேண்டும்.

என் கணவர் பக்கத்தில், எச்.ஐ.வி. உள்ளவரின் உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்ப்பது மற்றவர்களை விட அடிக்கடி நடக்கிறது. எதிர்ப்பைத் தடுக்கும் டக்ரோலிமஸ் மருந்து, ரிட்டோனாவிர் போன்ற சில எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். தினமும் இரண்டு வேளை குடிக்க வேண்டியதை வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் மிகச் சிறிய அளவில் கொடுக்கும் நிலை வரும். ஆனால் அவர் குடிப்பது அந்த வகை அல்ல. டொலுடெக்ராவிர் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தச் சண்டை இல்லை.

பிறகு எல்லோரும் பயப்படும் விடயம்: என் கிருமி அவர் உடலில் புகுந்து, மருந்துக்கு அடங்காத புது வகையாக நின்றுவிட்டால்? அமெரிக்க ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவரின் சிறுநீரகத்தைப் பெற்றவர்களிடம் இரத்தத்தில் கிருமி மீண்டும் தலைகாட்டிய சம்பவங்கள் மூன்று மடங்கு அதிகம். ஆனாலும் யாருக்கும் மருந்து நிரந்தரமாகத் தோற்கவில்லை. புதுக் கிருமி தொற்றியிருக்கலாம் என்று சந்தேகித்தது ஒரே ஒருவரிடம். எங்கள் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. என் கிருமியும் அவர் கிருமியும் ஒரே வீட்டுக் கிருமிகள். இத்தனை காலம் ஒரே பாயில் படுத்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை மேசையில் புதிதாக அறிமுகம் தேவைப்படுமா என்பதைச் சோதனைக்கூடத்தில் பார்க்கலாம்.

அமெரிக்க ஆராய்ச்சி விதிகளில் உயிரோடு கொடுப்பவருக்கு வைத்திருந்த அளவுகோல்: சிடி4 என்ற நோய் எதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை 500 அல்லது அதற்கு மேல், கிருமியின் அளவு மில்லிலீற்றருக்கு 50 பிரதிக்குக் கீழ், எதிர்ப்புச் சக்தி குறையும்போது தாக்கும் சந்தர்ப்பவாதத் தொற்று எதுவும் இருக்கக் கூடாது. பெறுபவருக்குச் சிடி4 200 போதும், கிருமி அதேபோல் அடங்கியிருக்க வேண்டும். எனக்குச் சிடி4 கடைசியாக 710. அவருக்கு 430. இருவருக்கும் கிருமி கண்டறிய முடியாத அளவில் இருந்துவருகிறது. இந்த அளவுகோலை விடக் கடுமையானதை நீங்கள் எழுதினாலும் எனக்குச் சம்மதம். அதில் நான் தேறாமல் போனால் வீட்டுக்குப் போய்விடுவேன். எழுதாமலே இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவதற்கான எங்கள் நாட்டுச் சட்டம் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம். இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதும் அதே 1987 இல்தான். இரண்டுக்கும் ஒரே வயது, ஆனால் ஒன்றையொன்று தெரியாது. அன்று எச்.ஐ.வி. என்றால் மரணம். இன்று அது தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு குளிசை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இது எங்களைப் பற்றியதல்ல. திருகோணமலை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பதவிசிறிபுர என்ற பிரதேசம் இருக்கிறது. அநுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகளை 1990களிலிருந்து தின்றுவரும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் அங்கும் இருக்கிறது. என் கணவருக்குப் பக்கத்துக் கட்டிலில் செவ்வாய்க்கிழமைகளில் படுத்திருப்பவர் அந்தப் பக்கத்து விவசாயி. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் எங்கள் போத்தலில் இருக்கும் கோடுகளைப் பார்த்து அவர் மனைவியும் கோடு போடத் தொடங்கிவிட்டார். என் கணவர் வாரம் இரண்டு தடவை வீதம் ஆண்டுக்கு 104 தடவை அந்த இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 416 மணி நேரம். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்குப் பொருத்தாத என் சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்திவிட்டால், அந்த 416 மணி நேரமும் வேறொருவருக்குப் போகும். சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலிலும் ஓர் ஆள் முன்னால் நகர்வார். யாருடைய பங்கையும் நாங்கள் கேட்கவில்லை. வரிசையைக் குறைக்கத்தான் கேட்கிறோம்.

சில பேர் கேட்கலாம், எச்.ஐ.வி. உள்ளவர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு, அவர்களில் சிறுநீரகம் கெட்டவர்கள் எத்தனை பேர், இதற்கு ஒரு நடைமுறை தேவையா என்று. வயது வந்தவர்களில் தொற்று வீதம் 0.1 சதவீதத்துக்கும் கீழ் என்பது உண்மை. ஆனால் குளிசையால் நீண்ட நாள் வாழ்பவர்களுக்குப் பிரஷரும் சீனியும் வயதோடு வரத்தான் போகின்றன. இன்று நாங்கள் இருவர். கணக்கு இத்தோடு நிற்காது. தவிர, 1961 இல் கண்தான சங்கத்தைத் தொடங்கி உலகமெங்கும் விழிவெண்படலம் அனுப்பிய நாடு இது. உறுப்புக் கொடுப்பதில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் தொடங்குங்கள் என்று சொல்லவில்லை, ஓரிடம் போதும். 2021 இல் பொலன்னறுவையில் திறக்கப்பட்ட சிறுநீரக வைத்தியசாலை எங்களுக்குப் பக்கம், ஆனால் எந்த இடம் என்று தீர்மானிப்பது உங்கள் வேலை. சிறுநீரக நிபுணரும், எச்.ஐ.வி. கிளினிக் வைத்தியரும், மருந்தாளரும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு நடைமுறையை எழுதுங்கள். இப்போது அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களை மூடிய உறையில் சுமந்துகொண்டு ஓடுவது நான்தான். எச்.ஐ.வி. உள்ளவர் இறந்த பின் தன் உறுப்புகளை எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கொடுக்க விரும்பினால் அதை எங்கே பதிவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். நானும் கையொப்பமிடுவேன்.

எங்களுக்கென்று தனிக் கருமபீடம், தனி நிறக் கோப்பு, தனி இயந்திரம் எதுவும் வேண்டாம். டயாலிசிஸ் இயந்திரத்தைத் தனியாக வைக்க வேண்டியது ஹெப்பற்றைற்றிஸ் பி தொற்றுக்குத்தான், எச்.ஐ.வி.க்கு அவசியமில்லை என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் நெடுநாள் அறிவுரை. திருகோணமலை சின்ன ஊர். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் பஸ் நிலையம் வரை நடந்து வந்து, யாருடைய பையில் என்ன இருக்கிறதென்று மோந்து பார்த்துவிட்டுப் போகும்; மனிதர்களும் அதற்குக் குறைந்தவர்கள் இல்லை. 2016 இல் குளியாப்பிட்டியில் வதந்தியை நம்பி ஒரு சின்னப் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விடாமல் பெற்றோர் எதிர்த்தது நாடறிந்த கதை. அந்த வருடம் நான் வயிற்றில் பிள்ளையோடு அந்தச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த மடலில் என் பெயர் இல்லாததற்கு வேறு காரணம் வேண்டுமா?

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும், வரவும் வேண்டும்: மனைவியை வற்புறுத்திக் கொடுக்கச் சொல்கிறார்களா? உலகம் முழுவதும் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம் என்று மருமகள் சொன்னாள். கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. சிறுநீரக வியாபாரத்தால் நாடு பட்ட அவமானமும் தெரியும். அதனால்தானே 2016 இல் வெளிநாட்டவர்களுக்கான மாற்றுச் சிகிச்சையை நிறுத்தினீர்கள். என்னைத் தனியாக அழைத்து, அவர் இல்லாத அறையில் வைத்து, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் வீட்டில் வற்புறுத்துகிறவள் நான். அவர் வேண்டாம் என்கிறார். "உன்னிடம் இருப்பதே இரண்டு. நானும் போய் நீயும் படுத்தால் பிள்ளையை யார் பார்ப்பது?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அது சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு ஓர் இலக்கம் தேடித்தான் உங்களிடம் வந்தேன். என்னைச் சோதித்தால்தான் அந்த இலக்கம் கிடைக்கும்.

சென்ற மாதம் ஒரு நாள் மகள் அவருடைய கையில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "நான் வளர்ந்ததும் என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் அப்பா" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒரு குறையுமில்லாத அந்தப் பிள்ளை வயது வந்து கேட்டால் உங்கள் படிவம் அவளை ஏற்றுக்கொள்ளும். எந்தக் கட்டத்திலும் சிவப்புக் கோடு விழாது. அந்த நாள் வரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் கோப்பு உங்களில் ஒருவருடைய அலுமாரியில் இன்னும் இருக்கும். வெளிர்நீல அட்டை, முதல் பக்கத்தில் கோடு. அழைத்தால் வருவேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் முடியாது. அந்த இரண்டு நாளும் முதலாளியிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருப்பேன். மற்ற எந்த நாளென்றாலும் முதல் நாளே சொல்லிவிட்டால் இரவு பஸ்ஸில் ஏறி, காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்பேன், இரத்தம் எடுப்பதென்றால் அப்படித்தான் வர வேண்டும் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு கணக்கெழுதுபவள்